போதைக்கு இரண்டு நியாயம்

குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை ஜெயில், இல்லாவிட்டால் 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 510-வது பிரிவு இப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து அபராதத்தை 1,000 ரூபாயாக ஏற்றியது. அதுவரை 160 வருஷத்துக்கு மேல் விலை ஏறாத ஒரே சரக்கு இந்த அபராதம்தான் என்று கோர்ட் வராந்தாவில் நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அதே சட்டத்தில் குடியைப் பற்றி வேறு சில பிரிவுகளும் இருந்தன. அவற்றைச் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது. தனக்குத் தெரியாமலோ தன் விருப்பத்துக்கு மாறாகவோ ஒருவனுக்குப் போதை ஏற்றப்பட்டு, என்ன செய்கிறோம் என்றே புரியாத நிலையில் அவன் செய்த காரியம் குற்றமாகாது என்றது 85. அவனே விரும்பிக் குடித்திருந்தால் குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு அவனுக்கும் இருந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது 86. போதையால் விஷயத்தின் தன்மையும் விளைவும் புரியாத ஒருவர் கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை என்றது 90. குற்றம் செய்யும் எண்ணத்தோடு மயக்க மருந்து கொடுத்தவனுக்கு 10 வருஷம் வரை என்றது 328. இன்றைய சன்ஹிதாவில் இவை 23, 24, 28, 123. எண்கள் மாறின, சாரம் மாறவில்லை. செய்தவனுக்குக் குடி சாக்கு ஆகாது, பாதிக்கப்பட்டவளின் வாயில் வந்த ‘சரி’ போதையில் செல்லாது. இந்த இரண்டும் சேர்ந்தே 1860-ல் எழுதப்பட்டுவிட்டன.

நான் வல்லக்கோட்டைக்காரி. கிருத்திகைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காத அதே முருகன் கோயில் ஊர்தான். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் தொழில் செய்கிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் சில கல்லூரிகளில் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் போய்வருகிறேன். பிள்ளைகள் அதை ‘ஐ.சி.’ என்பார்கள். வருஷா வருஷம் விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஆடிட்டோரியத்தில் மைக்கைக் கையில் கொடுப்பார்கள். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்திருப்பான்: “மேடம், அவளும் குடிச்சிருந்தா?” சிரிப்பலை எழும். முன்வரிசையில் பெண்கள் சிரிக்கமாட்டார்கள், பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வி எங்கள் ஊரில் பிறந்தது.

என் ஆயா கள் குடிப்பாள். இதை அவளே என்னிடம் வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறாள். நடவு நாளில் இடுப்பொடியக் குனிந்துவிட்டு, பொழுது சாய ஏரிக்கரைப் பனையடிக்குப் போனால் ஆளுக்கு ஒரு பட்டை கிடைக்குமாம். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் குடிப்பதுதான் வழக்கம். ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைப்பார்கள். “அப்ப எவனும் எங்கள ஒரு வார்த்த கேக்கல” என்பாள். எல்லாச் சாதிப் பெண்களும் அப்படிக் குடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் குடித்தார்கள். அதியமானோடு உட்கார்ந்து கள் அருந்திய ஒளவையை நாங்கள் பள்ளியில் படித்தோம். தமிழம்மா அந்த இடத்தை மட்டும் மூச்சு விடாமல் தாண்டிப் போய்விடுவார்.

பெண் குடிப்பது ஐ.டி. கம்பெனியும் ஆங்கிலப் படிப்பும் கொண்டுவந்த சீர்கேடு என்று மேடையில் பேசுகிறவர்கள் ஏரிக்கரைப் பக்கம் போனதில்லை.

ஆயாவின் பட்டையைப் பறித்தது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அதைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுக்க வந்துவிட்டது. நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கூலியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தவனிடம் அடி வாங்கிய பெண்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பிரசாரம் ஊர் மனசில் ஒரு படத்தை மாட்டிவிட்டுப் போனது. குடிக்கிறவன் ஆண். விளக்கு வைத்துக் காத்திருக்கிறவள் பெண். குற்றவாளி சாராயம். அந்தப் படத்தில் குடித்த பெண்ணுக்கு இடமே இல்லை. கெட்டது சாராயம் என்று ஆன பிறகு, அதைக் குடித்தவனும் பரிதாபத்துக்குரியவன் ஆகிவிட்டான்.

கடை 1971 ஆகஸ்ட் 30-ல் கலைஞர் ஆட்சியில் திறந்தது, 1974-க்குள் மூடியது, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. திறந்த சில மாசத்தில் எங்கள் ஊரில் ஒரு பஞ்சாயத்து. களை எடுத்துவிட்டு வரப்பில் வந்த பெண்ணின் கையைப் பிடித்து ஒருவன் கரும்புக்குள் இழுத்திருக்கிறான். அவள் கத்தியதும் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் கூடினார்கள். நான் பாவாடை சட்டையோடு ஆயா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாட்டாமை முதலில் அந்தப் பெண்ணைத்தான் கேட்டார், “பொழுது சாஞ்சப்புறம் அந்தப் பக்கம் இன்னாத்துக்குப் போன?” பிறகு அவனுக்குத் தீர்ப்பு: “அவனா செஞ்சான்? உள்ள போனது செஞ்சிது. தெளிஞ்சிட்டான், உடு.” ஐம்பது ரூபாய் அபராதம், கோயிலுக்கு ஒரு டின் எண்ணெய்.

திரும்பி வரும்போது ஆயா முணுமுணுத்தாள். “போதையில கண்ணு தெரியலன்னா, வரப்புல எதுக்க வந்த நாட்டாம கையப் புடிச்சி இழுத்திருக்கலாம் இல்ல? பொம்பள கை மட்டும் எப்பிட்றா தெரிஞ்சிது?”

86-வது பிரிவுக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் சட்டக் கல்லூரியில் கேட்டதில்லை.

கரும்பு வயல் பக்கம் அப்படி என்றால் உச்ச நீதிமன்றத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்ததா? 1972-ல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமையை இந்தியாவில் சட்டம் படித்த எல்லோரும் அறிவார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களில் ஒருவர் குடித்திருந்ததாகவே வழக்கில் பேசப்பட்டது. செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. உடம்பில் காயமில்லை, எதிர்த்துப் போராடிய அடையாளமில்லை என்பதுதான் காரணம். 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து எழுந்த போராட்டத்தின் விளைவுதான் 1983-ன் சட்டத் திருத்தம்.

அந்தத் திருத்தத்தில் காவலில் நடக்கும் பலாத்காரம் பற்றிய பகுதியையே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியம், பலாத்காரத்தை வரையறுத்த 375-வது பிரிவில் ஐந்தாவதாகச் செருகப்பட்ட கூறு. சம்மதம் கொடுத்த நேரத்தில் ஒரு பெண் மனநிலை பிறழ்ந்தோ போதையிலோ இருந்து, அல்லது அவனோ அவன் மூலம் இன்னொருவரோ மயக்கப் பொருள் கொடுத்து, அதனால் தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்று புரியாத நிலையில் இருந்தால் அது பலாத்காரம். கவனியுங்கள், போதை தனியாக, மயக்கப் பொருள் கொடுத்தது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவளே வாங்கிக் குடித்தாளா, அவன் ஊற்றிக் கொடுத்தானா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. ஆண் தப்பிக்க வேண்டுமானால்தான் ‘எனக்குத் தெரியாமல் ஊற்றிவிட்டார்கள்’ என்று நிரூபிக்க வேண்டும். எங்கள் புங்கமரத்தடி நியாயத்தைத் தலைகீழாக நிறுத்திய சட்டம் அது.

நிறுத்தியது, ஆனால் பக்கத்திலேயே பழைய கதவு ஒன்று திறந்து கிடந்தது. 1872-ன் சாட்சியச் சட்டம், 155-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு. பலாத்கார வழக்கில் புகார் கொடுத்தவள் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம். குடிப்பவள் என்று காட்ட ஒரு கிளாஸ் போதும். 2003-ல்தான் அது ஒழிந்தது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அந்தப் பிரிவை வைத்துக் குறுக்கு விசாரணை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் அழுவாள், கோர்ட் ஹாலில் இடம் கிடைக்காமல் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அதே காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றிய நிலமும் மாறிக்கொண்டிருந்தது. 1980-களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்ததும், பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் சாலையின் இரு பக்கமும் கல்லூரிகள் எழுந்தன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். பனை நின்ற ஏரிக்கரையில் லாரி ஷெட் வந்தது. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது, 2023-24-ல் அதன் வருவாய் 45,855 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்த இருபது வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, இவ்வளவு பேர் இந்தச் சாலையில் இதற்கு முன் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பீர்கூடக் கிடைக்கக் கூடாது. கிடைக்கிறது. பிறந்தநாள் ட்ரீட், கேம்பஸில் வேலை கிடைத்த ட்ரீட், அரியர் க்ளியர் ஆன ட்ரீட் என்று ஏதாவது வரும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டபோதெல்லாம் தமிழ்நாடு மற்றவர்களுக்கு முன்னால் ஓடியிருக்கிறது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997-ல் ராகிங் தடைச் சட்டம். 1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா இறந்ததும், அதே வருஷம் ஈவ் டீசிங் தடைச் சட்டம். ஆனால் இரண்டும் தெருவிலும் விடுதி வாசலிலும் தெரியாதவனோ சீனியரோ செய்யும் கொடுமையைப் பிடிக்க வந்தவை. தெரிந்தவன், நண்பன், வகுப்புத் தோழன், அவன் கையில் இரண்டு டம்ளர் என்ற காட்சியை எவரும் யோசிக்கவில்லை. விடுதி விதிகள் யோசித்தன, அவற்றுக்குத் தெரிந்த வழியில். பெண்கள் ஆறரைக்குள் உள்ளே, ஆண்கள் ஒன்பதரைக்கு. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மட்டும் இப்படிப் பாரபட்ச விதி வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகளே சொன்ன பிறகும் அந்த நேரக் கணக்கு பல இடங்களில் அப்படியே நிற்கிறது.

2012 டெல்லி பேருந்துப் பலாத்காரச் சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து வந்த 2013 திருத்தம், சம்மதம் என்றால் சொல்லாலோ சைகையாலோ வேறு விதத்திலோ ஐயத்துக்கு இடமின்றி, தானாக விரும்பித் தெரிவிப்பது என்று எழுதியது. உடம்பால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது என்றும் எழுதியது. மதுராவுக்கு 35 வருஷம் கழித்து வந்த பதில் அது.

நீதிபதிகள் இதைப் படித்தார்கள். சிலர் மட்டும் புங்கமரத்தடிக்கே திரும்பிப் போனார்கள். 2017-ல் அரியானாவின் ஒரு தனியார் பல்கலைக்கழக மாணவி வழக்கில் தண்டனை பெற்ற மாணவர்களை ஜாமீனில் விட்ட பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம், அந்தப் பெண்ணின் பழக்கவழக்கங்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. அதே வருஷம் செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு மாணவி கொடுத்த புகாரில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. பலவீனமாகச் சொன்ன ‘வேண்டாம்’ மறுப்பா என்பதில் அதற்குச் சந்தேகம். 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. டெல்லியில் ஒரு பாரில் குடித்த முதுகலை மாணவி, அங்கே சந்தித்த ஒருவன் மேல் கொடுத்த புகார் அது. அவனுக்கு ஜாமீன் கொடுத்த நீதிபதி, புகார் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அவளே தொல்லையைத் தேடிக்கொண்டாள், அவளுக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதினார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு, இப்படியெல்லாமா எழுதுவது என்று கண்டித்தது. வழக்கு உண்மையா பொய்யா என்பதை விசாரணை சொல்லட்டும். நான் பேசுவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி. “பொழுது சாஞ்சப்புறம் இன்னாத்துக்குப் போன?” என்பதன் ஆங்கில வடிவம் அது.

குடிக்காத பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்புவதில்லை. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மாணவி ஒருத்தி தாக்கப்பட்டபோது, முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட விதத்தையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டு குறைப்பில்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

மறுபடி ஆடிட்டோரியத்துக்கு வருவோம். அந்தப் பையன் விடமாட்டான். “ரெண்டு பேரும் குடிச்சிருந்தா, ரெண்டு பேரும்தானே மேடம் தப்பு?” நான் கேட்பேன், “தம்பி, நீயும் குடிச்சிருக்க, உன் ரூம்மேட்டும் குடிச்சிட்டு மட்டையாயிட்டான். அவன் பாக்கெட்டுலேருந்து நீ பர்ஸ எடுத்தா அது திருட்டா இல்லையா?” சிரிப்பு நின்றுவிடும். ஒருத்தன் மட்டும், “ப்ரோ, பாயிண்ட்டு” என்பான்.

உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவர்களும் உண்டு. ஒரு பீர் குடித்தவள் சரியென்றால் அதுவும் செல்லாதா? செல்லும். எந்தச் சட்டமும் ஒரு மடக்கு உள்ளே போனதும் சம்மதம் காலாவதி என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2007-ல் ப்ரீ வழக்கு என்று ஒன்று வந்தது. போர்ன்மத் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சகோதரனைப் பார்க்க வந்த ஒருவரும் பத்தொன்பது வயது மாணவியும் வோட்கா கலந்து நிறையக் குடித்திருந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. குடித்துவிட்டுக் கொடுத்தாலும் சம்மதம் சம்மதம்தான் என்றது. கூடவே, முடிவெடுக்கும் திறன் நினைவு தப்புவதற்கு வெகு முன்பே போய்விடலாம் என்றும் சொன்னது. பையன்கள் முதல் பாதியை மட்டும் எங்கிருந்தோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் நான் போகிறேன். அளவுகோல் கேட்பார்கள். எத்தனை பெக் என்று என்னால் சொல்ல முடியாது. “அந்தப் பொண்ணால தன் செல்போன் லாக்கைத் திறக்க முடியுதான்னு பாரு. முடியலன்னா அவகிட்ட எதுக்கும் சம்மதம் கேக்காத. அவ தோழியக் கூப்டு, ஆட்டோ புடிச்சி ஏத்தி உடு” என்பேன்.

சில வருஷம் முன் ஒரு கல்லூரியில் ஒரு புகார். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். பையன்கள் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் பிறந்தநாள். ஸ்ப்ரைட் பாட்டிலில் வோட்கா. குழு கூடியபோது எங்கள் முன் வைத்த ஃபைலின் முதல் தாள் அவள் புகார் அல்ல. மறுநாள் காலை அவள்மேல் மது வாடை வந்தது என்று வார்டன் கொடுத்த அறிக்கை. இரண்டாவது தாள், அன்றைக்கே அவளிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதம்: இனிமேல் இப்படி நடந்துகொள்ளமாட்டேன், என் பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டாம். மை கலங்கிய நீல எழுத்து. புகார் ஆறாவது தாளில், கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்த தேதியோடு இருந்தது. புகாருக்கான கெடு மூன்று மாதம், காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டோம். “குடிச்சதுக்கு டி.சி. குடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க மேம்” என்றாள். அந்த இரண்டு தாளையும் ஃபைலிலிருந்து எடுத்தால்தான் விசாரணையில் உட்காருவேன் என்று சொல்லி எடுக்க வைத்தேன். புகார் நிரூபணமானது, பையனை நீக்கப் பரிந்துரைத்தோம். ஆணை வருவதற்குள் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போலீஸுக்குப் போக அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மூன்று மாதத்தில் சாட்சியமும் போய்விட்டது. போதைப் பொருளின் தடயம் ரத்தத்திலும் சிறுநீரிலும் மணிக்கணக்கிலோ சில நாளிலோ மறைந்துவிடும். பாதிக்கப்பட்டவருக்கு எந்த ஆஸ்பத்திரியும், தனியாராக இருந்தாலும், உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்று 2013-லேயே சட்டம் சொல்லிவிட்டது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய முதல் ஆள் வார்டன். அந்தம்மா வாடை பிடித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2015-ல் ஒரு சட்டம் போட்டது. பாலியல் வன்முறை பற்றி நல்லெண்ணத்தோடு புகார் சொல்லும் மாணவரும் அதைப் பார்த்த மாணவரும் அப்போது குடித்திருந்தார்கள் என்பதற்காகக் கல்லூரி அவர்களைத் தண்டிக்கக் கூடாது. எல்லாக் கல்லூரியும் இதை விதியாக எழுதி வைக்க வேண்டும். நமக்குச் சட்டமன்றம் கூடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முதல்வர் கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்தச் சாலையில் கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதிப் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது ஒரு வரி சேருங்கள்: பாலியல் அத்துமீறல் பற்றிப் புகார் கொடுப்பவரோ சாட்சி சொல்பவரோ அப்போது குடித்திருந்தார் என்பதற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது, வீட்டுக்குத் தகவல் சொல்லப்படாது. வார்டன் அறைக் கதவில் அதைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், ஆண்கள் விடுதியிலும் ஒட்டுங்கள். வாசகம் எழுதித் தர வக்கீல் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.